மம்மட்டி படாத பாத்தி

காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, பால்மா இல்லை என்று நாடே ஏதாவது ஒரு கியூவில் நின்றுகொண்டிருந்த வருடம் அது. அரசாங்கம் எங்களைப் போன்ற உத்தியோகத்தர்களைப் பார்த்து, வெள்ளிக்கிழமைகளில் வேலைக்கு வரவேண்டாம், வீட்டிலிருந்து மரக்கறி பயிரிடுங்கள் என்று சொன்னது. நான் கண்டியில் இருபத்தாறு வருடமாகக் கிளார்க். ஒரு சுற்றுநிருபத்தை வாசித்து எனக்கு மனம் குளிர்ந்தது அந்த ஒரு தடவைதான். திங்கள் முதல் வியாழன் வரை அலுவலகத்தில் நாங்கள் என்ன விளைவித்தோம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை விளைச்சலை மட்டும் கேட்பார்களாம்.

முதல் வெள்ளி, பத்து மணி வரை தூங்கினேன். இரண்டாம் வெள்ளி காஸ் கியூவில் போனது. மூன்றாம் கிழமை அலுவலக வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுத்தோட்டத்தைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். நாலு மாதம் கழித்து ஒரு குழு நேரில் வந்து பார்க்கும். நல்ல தோட்டங்களுக்குச் சான்றிதழ் உண்டு. அன்று பின்னேரத்துக்குள் இருபது படங்கள் வந்து விழுந்தன. உற்றுப் பார்த்தால் ஒரே கத்தரிச் செடி நாலு பேருடைய வீட்டில் வளர்ந்திருந்தது.

கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் எட்டுப் பேர்ச் நிலம், இரண்டாயிரம் சதுர அடிக்குக் கொஞ்சம் மேல், சரிவாகக் கிடக்கிறது. நிலம் என்று உறுதிப்பத்திரத்தில்தான் எழுதியிருந்தது. நேரில் பார்த்தால் கோரை, தொட்டாச்சிணுங்கி, இடுப்பளவு மானாப்புல், நடுவில் யாரோ எப்போதோ வீசிய ஒரு பிளாஸ்டிக் பேசின். வீடு வாங்கிய பதினொரு வருடத்தில் நான் அங்கே இறங்கியது இரண்டு தடவை. இரண்டு தடவையும் கொடியிலிருந்து பறந்துபோன பெனியனை எடுக்க.

அந்த இடத்தைப் பார்க்கிற எவரும் முதலில் மம்மட்டி எங்கே என்றுதான் கேட்பார். ஆகவே எனக்கும் மம்மட்டிக்கும் உள்ள தகராறை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் அப்பாவும் அவருடைய அப்பாவும் ஹேவாஹெட்டவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மம்மட்டி பிடித்தவர்கள். அதைப் பிடிக்காமல் தப்பிக்கத்தான் நான் படித்தேன். அதுவரைக்கும் நியாயம். நான் அதோடு நிற்கவில்லை. எங்கள் தெருவிலும் அலுவலகத்திலும், என்னுடையது கண்டி டவுனில் பலசரக்குக் கடை வைத்திருந்த பழைய குடும்பம் என்று ஒரு கதை உலாவுகிறது. அதை உலாவ விட்டவன் நான்தான். இப்போது அந்தக் கடை எங்கே என்று ஒருவர் கேட்டபோது, வீதியை அகலமாக்கியதில் உடைபட்டுப் போய்விட்டது என்று சொல்லி, இல்லாத கடையை இடிக்கவும் செய்தேன்.

அந்தக் கதையில் என் அக்காவுக்கு இடம் கிடையாது. உண்மையில் எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள், என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். நான் கண்டியில் படிக்க வந்த நாளிலிருந்து வேலை கிடைத்த நாள் வரை என் சப்பாத்து, புத்தகம், ஹொஸ்டல் சோறு எல்லாம் அவள் பறித்த தேயிலைக் கொழுந்தில் வந்தவை. பிள்ளைகள் இல்லை. புருஷன் இறந்துவிட்டார். தோட்டத்திலிருந்து ஓய்வு பெற்று, தொழிலாளர் வரிசை வீடான லயத்து அறையில் தனியாக இருந்தாள். ஒரு மழை நாளில் வாசலில் வழுக்கி விழுந்து, பக்கத்து ஆட்கள் வேலை முடிந்து மலையிலிருந்து இறங்கும் வரை இரண்டு மணி நேரம் அப்படியே கிடந்தாள். அதைக் கேட்ட நாள் முதல் எனக்குத் தூக்கம் சரியில்லை. எங்களோடு வந்து இரு என்று எத்தனையோ தடவை கூப்பிட்டேன். நான் பொய் கலக்காமல் ஆசைப்பட்ட காரியங்கள் கொஞ்சம். அவற்றில் அது ஒன்று.

"ஒங்க வீட்டுல ஒக்காந்து டீவி பாத்துக்கிட்டு சோறு திங்க எனக்கு வராதுடா" என்றாள் போனில். "கைய வைக்க ஒரு துண்டு மண்ணு இருந்தா சொல்லு. லயத்து ரூம விட்டுட்டு வந்துர்றேன்."

ஆக, அந்த எட்டுப் பேர்ச்சில் எனக்கு இரண்டு வேலை இருந்தது. ஒன்று சான்றிதழ், மற்றது அக்கா. சான்றிதழ் கிடைக்காவிட்டால் ஒன்றும் ஆகாது. அக்கா வராவிட்டால், அடுத்த தடவை விழும்போது யார் தூக்குவது? நிலத்தைப் பயிருக்குக் கொண்டுவந்து காட்டிவிட்டால் அவள் வந்துவிடுவாள். ஆனால் ஊர் பார்க்க மம்மட்டியோடு இறங்க எனக்கு முடியாது. கூலிக்கு ஆள் பிடித்தால், அந்த ஆள் ஹேவாஹெட்டக்காரனாக இருந்து என்னை அடையாளம் கண்டுகொண்டால் என்ன செய்வது? சொந்தமாக ஒரு பொய்யை வளர்ப்பவனுக்கு இப்படியெல்லாம் யோசனை வரும்.

அந்த நேரத்தில்தான் போனில் அந்த முறையைப் பார்த்தேன். எந்த நாடோ தெரியாது, சிவந்த முகத்தோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டே விளக்கினாள். மண்ணைக் கொத்தவே கூடாது. களையின் மேலேயே கார்ட்போர்ட் அட்டையை விரி. அட்டையின் மேல் ஒரு சாண் எருவைக் கொட்டு. அதில் நடு. வெளிச்சம் இல்லாமல் களை செத்துப்போகும், அட்டை உக்கிப்போகும், கொத்துகிற வேலையை மண்புழுக்கள் பார்த்துக்கொள்ளும். எனக்கு ரோமம் சிலிர்த்தது. கீழே வேலை செய்ய ஆள் இருப்பது எந்த உத்தியோகத்தனுக்கும் பிடிக்கும். அதிலும் இந்த ஆட்கள் தொழிற்சங்கம் வைக்காத ஆட்கள்.

மறுநாளிலிருந்து நான் விஞ்ஞானி. மம்மட்டியால் மண்ணைப் புரட்டுவது மண்ணுக்குச் செய்கிற கொடுமை என்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னேன். சலூனில் சொன்னேன். அலுவலகத்தில் பெற்றோல் கியூவுக்குப் போக அவசரப்பட்டவரை மறித்துவைத்துச் சொன்னேன். கொத்துவதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று ஒரே வரியில் முடிய வேண்டிய விஷயம். அதற்கு நான் மண்ணுக்குள் வாழும் கோடிக்கணக்கான உயிர்களைச் சாட்சிக்கு இழுத்தேன்.

அட்டை சேர்க்கப் பாலத்தடிக் கடைகளுக்குப் போனேன். காஸ் இல்லாததால் சனங்கள் அடுப்பு மூட்ட அட்டையைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள், ஆகவே அதற்கும் மரியாதை வந்திருந்தது. நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடை முதலாளி என்னைப் பார்த்து, "வீடு மாறப் போறீங்களா சேர்?" என்றார்.

"இல்ல, கத்தரிக்கா நடப் போறேன்."

முதலாளி உள்ளே போய் இன்னும் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து சும்மா தந்தார். அந்த வருடத்தில் நிறையப் பேருக்குத் தலை கலங்கிப்போயிருந்ததால் அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளி பாத்தி போட்டேன். புல்லை வெட்டவில்லை, மிதித்துச் சாய்த்தேன். அதன்மேல் பிஸ்கட் பெட்டி, சோப் பெட்டி, நூடுல்ஸ் பெட்டி என்று பிரித்து விரித்தேன். ஒட்டியிருந்த டேப்பை உரிக்கப் பொறுமை இல்லை. வத்தேகமையிலிருந்து லொறியில் வந்த மாட்டெருவை, விலை அதிகமாக இருந்ததால், பாணுக்கு மாஜரின் தடவுகிற மாதிரி மேலே தடவினேன். கத்தரி, மிளகாய், போஞ்சி நட்டேன். படம் எடுத்து, "மம்மட்டி இல்லா மரக்கறிப் புரட்சி" என்று எழுதி அலுவலகக் குழுவில் போட்டேன். எங்கள் மேலதிகாரியான பெரிய சேர் கட்டைவிரல் உயர்த்தினார். அவர் உயர்த்தியதால் மற்ற முப்பத்திரண்டு பேரும் உயர்த்தினார்கள்.

"அட்டைக்கு அடியில புல்லு உசிரோடதானே இருக்கு?" என்றாள் என் மனைவி குசினி ஜன்னலிலிருந்து.

"அதுக்கு வெளிச்சம் இல்ல. செத்துரும்."

"அதுக்கு அது தெரியுமா?"

தெரியவில்லை. இரண்டே கிழமையில் கோரை அட்டையைக் குத்திக் கிழித்துக்கொண்டு ஊசி ஊசியாக மேலே வந்தது. இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் நான் விட்ட இடைவெளியெல்லாம் தொட்டாச்சிணுங்கி. மானாப்புல் அட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு எழும்பி நின்றது. ஒரு பெரு மழையில் எரு சரிவோடு போய்ச் சேர்ந்தது. அடுத்த வீட்டுக் கோழிகள் மிச்சத்தைக் கிளறின. கத்தரிச் செடி ஒவ்வொன்றும் லீவு மறுக்கப்பட்ட கிளார்க் மாதிரி நின்றது. புழுக்கள் வேலைக்கு வந்ததாகத் தெரியவில்லை.

அந்த நிலைமையில்தான் அக்கா தோட்டம் பார்க்க வந்தாள். நான் போனில் அளந்த அளப்பை நம்பி, ஹேவாஹெட்ட பஸ்ஸில் கண்டிக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, கையில் ஒரு பையோடு வந்தாள். பின்பக்கம் இறங்கிப் பார்த்தாள். மழையில் ஊறிய அட்டையில் படம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"என்னடா தம்பி, பிஸ்கட்டா நட்டு வச்சிருக்க?"

நான் விளக்கினேன். மண்ணின் கட்டமைப்பு, நுண்ணுயிர், புழு எல்லாம் சொன்னேன். தேயிலைத் தோட்டத்து மேற்பார்வைக் கண்டக்டர், தொரை, வெல்ஃபெயர் ஆட்கள் என்று எத்தனையோ பேருடைய விளக்கத்தைக் கைகட்டிக் கேட்டுப் பழகியவள். முழுவதையும் கேட்டாள்.

"மண்ண மூடி வைக்கணும்னு சொல்ற. அவ்வளவுதானே?" என்றாள் கடைசியில். "தேயில கன்னு வைக்கிற மலையில நாங்க வேறென்ன செஞ்சோம்? மானாப்புல்ல வெட்டி வெட்டி ரெண்டு பக்கமும் போடுவோம். வெயிலும் படாது, மழைக்கு மண்ணும் ஓடாது. இதுக்கு ஒனக்குப் போன் வேண்டியிருந்துச்சா?"

"அப்ப கொத்த வேணாம்னு நான் சொன்னது சரிதானே?" என்றேன், அதை மட்டும் பிடித்துக்கொண்டு.

"இந்தச் சரிவுல கொத்துனா மொத மழைக்கே மண்ணு மகாவலி ஆத்துக்குப் போயிரும். நீ சொன்னது சரிதான். செஞ்சதுதான் கேவலம்."

அக்கா மூன்று மாதம் இருந்து பார்க்கிறேன் என்றாள். லயத்து அறையை இன்னும் விடவில்லை. இந்த மண் அவளுக்குப் பிடித்தால் விட்டுவிட்டு ஒரேயடியாக வந்துவிடுவாள். பிடிக்காவிட்டால் திரும்பிப் போய்விடுவாள். எனக்கு அன்றைக்கே வென்றுவிட்ட மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் தோட்டம். என் அட்டைகளை முழுவதுமாக எடுத்தாள். மானாப்புல்லைக் கத்தியால் அடியோடு அறுத்து ஒரு பக்கம் குவித்தாள். பாலத்தடிக்கு என்னை மறுபடி அனுப்பி இன்னும் பெட்டிகள் எடுப்பித்தாள். இப்போது முதலாளி என்னைப் பார்த்ததும் பெட்டிகளைக் கட்டிக் கொடுத்தார். டேப்பை உரித்து, அட்டைகளைத் தொட்டித் தண்ணீரில் நனைத்து, ஒன்றின் விளிம்பு மற்றதன்மேல் ஒரு முழம் ஏறும்படி இரண்டு அடுக்கு விரித்தாள். சரிவுக்குக் குறுக்கே கட்டைகளைப் போட்டு எரு ஓடாமல் தடுத்தாள். எருவுக்கு மேல் வேலியில் நின்ற கிளிரிசிடியா இலை, அதன்மேல் அறுத்த மானாப்புல். எந்தப் புல்லோடு நான் சண்டை பிடித்தேனோ அதையே பாய் மாதிரி விரித்துப் படுக்க வைத்தாள். கோரை தலை நீட்டினால் காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை பிடுங்கினாள். முழங்கால் வலிக்காதா என்று கேட்டால், சும்மா உட்கார்ந்தால்தான் வலிக்குது என்றாள்.

ஆறாவது கிழமை பாத்தியில் கையை விட்டால் முழங்கை வரைக்கும் போயிற்று. மண் கறுத்துப்போய், வெதுவெதுப்பாக இருந்தது. புழு இருந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு புழுவைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். போஞ்சி கொடியேறியது. கத்தரிக்கு நிறம் வந்தது. கங்குங் கீரை வெட்ட வெட்ட வந்தது. என் மனைவியும் அக்காவும் பின்னேரங்களில் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டு, என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிகிற மாதிரிச் சிரித்தார்கள். வீட்டுக்கு ஒரு சத்தம் வந்திருந்தது. ஒருநாள் அக்கா, "மாசக் கடைசியில போய் ரூம ஒப்படைச்சிட்டு சாமான எடுத்துட்டு வந்துர்றேன்" என்றாள். நான் அலட்சியமாகத் தலையாட்டிவிட்டு, குளியலறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஒரு விஷயம் மட்டும் இடித்தது. அடுத்த வீட்டார் வேலிக்கு மேலால், யார் அந்த அம்மா, நல்ல வேலைக்காரி என்று விசாரித்தபோது, ஊரிலிருந்து வந்திருக்கிறார் என்றேன். அது பொய் இல்லை. எந்த ஊர், என்ன முறை என்று அவர்கள் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை. அந்தக் கடைக் குடும்பத்துக்கு இப்படி வெற்றிலை போட்ட வாயும் இடுப்பில் கட்டிய சாக்குமாக ஒரு அக்காவை எந்தப் பக்கத்தால் நுழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். உத்தியோகத்தில் இத்தனை வருடத்தில் நான் கற்ற ஒரே வித்தை அது.

குழு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பயிரிடுவதற்காக லீவு கொடுக்கப்பட்ட நாளில், பயிரிடுவதைப் பார்ப்பதற்காக மூன்று பேர் வேலை செய்தார்கள். எங்கள் பெரிய சேர், படம் எடுக்க ஒரு கிளார்க், பிறகு ஒரு விவசாயப் போதனாசிரியர். போதனாசிரியர் அக்குறணைப் பக்கத்து முஸ்லிம், சின்ன வயது, கையில் கோப்பு. பெற்றோல் இல்லாத நாட்டில் வாகனத்தில் வந்தார்கள். நான் கறுப்பு டிரவுசரும் வெள்ளைச் சேர்ட்டும் போட்டுத் தோட்டத்தில் நின்றேன்.

போதனாசிரியர் நேரே பாத்திக்குப் போய்க் குந்தி, புல்லை விலக்கி, மண்ணை அள்ளி முகர்ந்தார். அவருக்கு மட்டும்தான் தோட்டம் பார்க்கத் தெரிந்திருந்தது. பெரிய சேருக்குப் படம் வேண்டும். அனுப்ப வேண்டிய படிவத்தில், உத்தியோகத்தர் மண்ணைக் கொத்திக்கொண்டிருக்கும் படம் ஒன்று என்று இருந்ததாம்.

இந்த முறையில் கொத்துவதே இல்லை என்று நான் சிங்களத்தில் பணிவாகச் சொன்னேன். அது விளங்குகிறது, ஆனால் படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார் அவர். கொத்தாத தோட்டத்தில் நான் கொத்துவதுபோல் ஒரு படம் இல்லாவிட்டால், கொத்தாத தோட்டம் இருப்பதாக எப்படி நிரூபிப்பது? அடுத்த வீட்டில் ஒரு மம்மட்டி இரவல் வாங்கி வந்தார்கள்.

அதைக் கையில் வாங்கினேன். பிடியை மாற்றிப் பிடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் வாங்கினேன். கை கேட்கவில்லை. இடது கை கீழே, வலது கை மேலே, கால் ஒன்று முன்னே, முதுகு அளவாக வளைந்து, அப்பா நின்ற மாதிரியே நின்றுவிட்டேன். படமெடுத்த கிளார்க் வாயைப் பிளந்தார். பெரிய சேர் சிரித்துக்கொண்டே, "கடைக்கார வீட்டுப் பிள்ளைக்கு இது எங்கே பழக்கம்?" என்றார். அதே வாயோடு அவர், போஞ்சிப் பந்தலடியில் குனிந்து கோரை பிடுங்கிக்கொண்டிருந்த அக்காவைக் காட்டி, அது யார் என்று கேட்டார்.

"வேலைக்கு வர்ற அம்மா சேர்" என்றேன் சிங்களத்தில். கேட்காத தகவலையும் சேர்த்துக் கொடுத்தேன். "ஹேவாஹெட்டப் பக்கம். இவங்கதான் எனக்கு எல்லாம் காட்டித் தந்தது."

அக்கா பத்தடி தூரத்தில் இருந்தாள். என்னைவிட நல்ல சிங்களம் பேசுகிறவள். பிடுங்கிக்கொண்டிருந்த கை ஒரு கணம் நின்றது. பிறகு அவள் எழுந்து, தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, பெரிய மனிதர் போகிற வழியில் தொழிலாளி எப்படி நிற்க வேண்டுமோ அப்படி ஓரமாக நின்றாள். பெரிய சேர் நல்ல மனிதர், யாரையும் விசாரிக்காமல் போக மாட்டார். இந்த மாத்தயா, அதாவது இந்த ஐயா, எப்படி, நல்லவரா என்று அவளைக் கேட்டார்.

"நல்லவருங்க மாத்தயா" என்றாள் அக்கா சிங்களத்தில். "வேலைக்காரங்களக் கஷ்டப்படுத்த மாட்டாரு."

அதில் குத்தல் எதுவும் இல்லை. நான் நன்றாகக் கவனித்தேன். என் பொய்யைக் காப்பாற்றிக் கொடுத்தாள், அவ்வளவுதான். மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்தபோது, நாங்கள் நாலு பேரும் கதிரைகளில் உட்கார்ந்து குடித்தோம். அக்காவுக்கும் ஒரு கோப்பை இருந்தது, அவளுக்கென்று ஒரு கதிரையும் போட்டிருந்தது. அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு பின்படிக்குப் போய் நின்றுகொண்டே குடித்தாள். மனைவி என்னைப் பார்த்தாள். நான் போதனாசிரியரிடம் நுண்ணுயிர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

போகும்போது போதனாசிரியர் கேற்றடியில் கொஞ்சம் பின்தங்கினார். "அந்தம்மாட மொகமும் ஒங்கட மொகமும் ஒரே மாதிரி ஈக்குது சேர்" என்றார் தமிழில், கோப்பில் கண்ணை வைத்தபடி. நான் பதில் சொல்வதற்குள் வாகனத்தில் ஏறிவிட்டார். நல்ல பிள்ளை.

அன்று இரவுச் சாப்பாட்டில் அக்கா வழக்கம்போலச் சாப்பிட்டாள். நான் இரண்டு தடவை, "அக்கா, அது வந்து" என்று ஆரம்பித்தேன். இரண்டு தடவையும் அவள் குழம்பை என் பக்கம் நகர்த்தினாள். மறுநாள் காலையில் பையோடு நின்றாள். ஹேவாஹெட்டத் தோட்டத்தில் ஒரு வேலை இருக்கிறது, போய்விட்டு வருகிறேன் என்றாள். பஸ் வரைக்கும் வருகிறேன் என்றேன். வேண்டாம், வெயில் என்றாள். காலை ஆறு மணிக்கு.

"மதினி எங்கிட்ட ஒண்ணும் சொல்லல" என்றாள் மனைவி, கேற்றைச் சாத்திவிட்டு. "சொல்லத் தேவையில்ல. நான் ஜன்னல்லதான் நின்னேன்."

அதற்குப் பிறகு அவள் என்னோடு நாலு நாள் பேசவில்லை. பேசியிருந்தால் நான் கோபப்பட்டாவது கொஞ்சம் ஆறியிருப்பேன்.

சான்றிதழ் வந்தது. அலுவலக மண்டபத்தில் ஒரு சின்னக் கூட்டம் வைத்துக் கொடுத்தார்கள். திரையில் நான் மம்மட்டியோடு நிற்கிற படம். சொந்த உழைப்பால் சிறந்த வீட்டுத்தோட்டத்தை உருவாக்கியமைக்காக என்று மூன்று மொழியிலும் அச்சடித்திருந்தது. அனுபவத்தை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். இருபது நிமிடம் பேசினேன். அட்டை, எரு, மானாப்புல், புழு எல்லாம் பேச்சில் வந்தது. அக்கா வரவில்லை. சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்து, முன்வரிசையில் பெரிய சேரைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது. கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மாதக் கடைசி போய் அடுத்த மாதமும் பாதி போயிற்று. போன் எடுத்தால் அக்கா பேசினாள். போஞ்சிக்குப் பூ வந்ததா, கோழி வருகிறதா என்று கேட்டாள். ரூமைப் பற்றி நான் கேட்டால், சிக்னல் சரியில்லை என்றாள். பின்னால் கோரை மறுபடி தலை நீட்டத் தொடங்கியது. நான் பிடுங்கினால் பாதியில் அறுந்து கிழங்கு உள்ளே நின்றுவிடுகிறது.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, அரசாங்கம் கொடுத்த லீவில், ஒரு பை நிறையப் போஞ்சியைப் பறித்துக்கொண்டு ஹேவாஹெட்டவுக்கு பஸ் ஏறினேன். வழிநெடுக ஒத்திகை பார்த்தேன். தப்புதான் அக்கா, வந்துவிடு, தெருவில் எல்லாருக்கும் நானே சொல்கிறேன், அலுவலகத்திலும் சொல்கிறேன். அப்படியே சொல்வதென்று முடிவு செய்திருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி லயத்துக்கு ஏறும்போதுதான், நான் அந்தப் படிகளில் ஏறி ஒன்பது வருடம் ஆகிவிட்டது என்று கணக்கு வந்தது. பார்க்க வேண்டுமென்றால் எப்போதும் அவளைத்தான் கண்டி டவுனுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். பக்கத்து அறை வாசலில் ஒரு இளம் பெண், கல்யாணமாகிப் புதிதாக வந்தவள் போல, துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சேர்ட்டும் சப்பாத்துமாக நான் ஏறி வருவதைப் பார்த்ததும் அவள் அக்காவிடம் மெல்லக் கேட்டாள்.

"யாருக்கா இவங்க?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. விறகுக் கத்தியைக் கீழே வைத்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"டவுன்ல நான் வேலை செஞ்ச வீட்டு ஐயா" என்றாள்.

உள்ளே போய் ஒரு கதிரையைக் கொண்டுவந்து, துடைத்து, எனக்குப் போட்டாள். தான் சுவரோரமாக நின்றாள். போஞ்சிப் பையை நீட்டினேன். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அந்தப் பெண் அவசரமாக, மரியாதைக்காகத் தலைத்துண்டை எடுத்துவிட்டு, நான் உட்கார வசதியாகக் கொடித் துணிகளை ஒதுக்கி எனக்கு வழி விட்டாள்.